கம்ப்யூட்டர் அடம்பிடிக்கிறதா? ஃபார்மட் போடுவதற்கு முன் 24 குறிப்புகள்

நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில் பாய்த் தறி இருக்கிற வீட்டிலேயே கம்ப்யூட்டரும் இருப்பதைப் பார்க்கலாம். கல்யாணப் பாயில் நெய்ய வேண்டிய மணமக்கள் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துப் பார்க்க, வெளியூர் ஆர்டருக்கு பில் போட, பிள்ளைகள் படிக்க என்று அதற்கு ஓயாத வேலை. பெரும்பாலும் பழைய மெஷின்தான். 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள்கூட சில வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட மெஷின் ஒருநாள் திடீரென்று கறுப்புத் திரையோடு நின்றுவிடும். இல்லையென்றால் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் காட்டி எஃப்1 அழுத்தச் சொல்லும். தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், “ஃபார்மட் போடணும்” என்றோ “போர்டு போயிட்டு அண்ணாச்சி, புதுசுதான் வாங்கணும்” என்றோ பதில் வருவதுண்டு. கோளாறு பல நேரங்களில் அத்தனை பெரியதாக இருக்காது. மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் குழம்பியிருக்கும். அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு பைசாகூடத் தேவைப்படாமல் போகலாம். மிஞ்சிப்போனால் ஒரு சின்ன பட்டன் செல் வாங்க வேண்டிவரும்.

அந்த அடிப்படை அமைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நிரலுக்கு பயாஸ் என்று பெயர். புதிய மெஷின்களில் அது யுஇஎஃப்ஐ. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது அதுதான். எந்த டிஸ்க்கில் இருந்து தொடங்குவது, ராம் எந்த வேகத்தில் ஓடுவது, இப்போது மணி என்ன என்பதையெல்லாம் அது தீர்மானித்த பிறகே விண்டோஸ் வரும். பாவு கோணலாக இருந்தால் எவ்வளவு நல்ல கோரையைக் கோத்தாலும் பாய் கோணித்தான் போகும், பயாஸும் அப்படித்தான். அதைச் சரிசெய்யும் வழிகளை, எளிதானதில் தொடங்கி வரிசையாகத் தந்திருக்கிறோம். இதே வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

1. தேதியைப் பாருங்கள். கம்ப்யூட்டரைத் திறந்ததும் வலது மூலையில் பல வருடம் முந்தைய ஜனவரி 1 தெரிந்தால், கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காக்கும், மதர்போர்டில் உள்ள பட்டன் செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நெட் கிடைத்ததும் விண்டோஸ் தானே நேரத்தைத் திருத்திக்கொள்வதால் சிலர் இதைக் கவனிப்பதே இல்லை. இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் காலையில் போட்டதும், நெட் இணைவதற்கு முன் பாருங்கள். உண்மை தெரிந்துவிடும்.

2. வெப்சைட் திறக்கவில்லை என்றால் நெட்டை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ஜிஎஸ்டி தளம், வங்கித் தளம், ரயில் டிக்கெட் தளம் எல்லாம் பாதுகாப்புச் சான்றிதழோடு இயங்குபவை. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2012-ல் நின்றுகொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் கதவை அடைத்துவிடும். தேதியைச் சரிசெய்தாலே தளம் திறந்துவிடும்.

3. நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கி இருந்தால் செல்லின் மேல் தப்பில்லை. ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கும்போது இது நடக்கும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடைவெளி 5.30 மணி. லினக்ஸில் ‘வன்பொருள் கடிகாரம் உள்ளூர் நேரத்தில்’ என்று அமைத்துவிட்டால் தீர்ந்தது.

4. திரையில் வரும் வாசகத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘சிமாஸ் செக்சம் எரர்’, ‘சிமாஸ் பேட்டரி லோ’, ‘டேட் அண்ட் டைம் நாட் செட்’ என்று வந்தால் செல் பிரச்சினை (சிமாஸ் என்பது பயாஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் நினைவகம்). ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்றால் டிஸ்க்கைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. அமைப்பு மாறியிருக்கலாம், டிஸ்க்கே பழுதாகியும் இருக்கலாம்.

5. பயாஸ் ரீசெட், அதாவது அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ளுங்கள். கறுப்புத் திரையோடு நின்றுபோவது, கீபோர்டையோ பென் டிரைவையோ கண்டுகொள்ளாதது, ராம் மாற்றிய பிறகு கிளம்பாதது, ஃபேன் காரணமில்லாமல் இரைவது ஆகியவற்றுக்குப் பலமுறை பலன் கிடைக்கும். வைரஸ், டிஸ்க்கில் கடகட சத்தம், உடைந்த திரை ஆகியவற்றுக்குப் பலன் இல்லை. உங்கள் படங்களும் ஃபைல்களும் டிஸ்க்கில் இருப்பதால் பயாஸ் ரீசெட் அவற்றை அழிப்பதில்லை.

தொடுவதற்கு முன்

6. மெஷின் விட்டுவிட்டாவது ஓடுகிறது என்றால், முக்கியமான ஃபைல்களை முதலில் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். ரீசெட்டால் அழியாது என்றாலும், கோளாறு டிஸ்க்கில் இருந்தால் அடுத்த முறை திறக்க வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம். ஆர்டர் கணக்கு, டிசைன் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் இவையே முதல்.

7. பயாஸ் பக்கங்கள் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள் (உள்ளே நுழையும் வழி 14-வது குறிப்பில் இருக்கிறது). குறிப்பாக நான்கு விஷயங்கள்: சாட்டா மோடு ஏஹெச்சிஐயா, ரெய்டா, ஐடிஇயா, பூட் மோடு லெகசியா, யுஇஎஃப்ஐயா, செக்யூர் பூட் ஆனா, ஆஃபா, பூட் வரிசையில் எந்த டிஸ்க் முதலில் இருக்கிறது. ரீசெட் செய்த பிறகு இந்த நான்கில் ஒன்று மாறினாலும் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம். கையில் படம் இருந்தால் பழையபடி மாற்றி வைத்துவிடலாம்.

8. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவியை எடுத்து வைக்காமல் ரீசெட்டில் இறங்கவே வேண்டாம். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க்கை நாம் கேட்காமலே பூட்டி வைத்திருப்பது சாதாரணம். பயாஸ் அமைப்பு மாறினால் அது சந்தேகப்பட்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்தச் சாவி பதிவாகியிருக்கும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாவி இல்லையென்றால் ஃபைல்களை யாராலும் மீட்க முடியாது.

9. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று அங்கேயே நுழைந்து பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் செல்லைக் கழற்றினால் பாஸ்வேர்டு அழிவதுண்டு. பெரும்பாலான லேப்டாப்களில் அது தனிச் சிப்பில் பதிந்திருக்கும். செல்லைக் கழற்றினாலும் போகாது.

மூடியைத் திறக்காமலே

10. ஷட்டவுன் செய்துவிட்டுத் திரும்பப் போடுவதைவிட ரீஸ்டார்ட் நல்லது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இருப்பதால், ஷட்டவுன் செய்தாலும் பாதி நிலையை டிஸ்க்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். பழைய சிக்கல் அப்படியே திரும்பி வரும். ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

11. மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். டெஸ்க்டாப் என்றால் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிரிண்டர், பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, பவர் பட்டனை 30 நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டிப் போட்டுப் பாருங்கள். கறுப்புத் திரையோடு நிற்கும் லேப்டாப்களில் பல இதிலேயே எழுந்துவிடும். எந்த அமைப்பும் அழியாது என்பதால் தைரியமாகச் செய்யலாம்.

12. பேட்டரி உள்ளேயே இருக்கும் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். லெனோவா, ஏசர் மாடல்கள் சிலவற்றில் பேட்டரி படத்தோடு ஒரு குண்டூசித் துளை இருக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை அதில் சில நொடி அழுத்தினால் பேட்டரி இணைப்பு அறுந்து மீளும். துளையில் படம் எதுவும் இல்லையென்றால் அது மைக்காக இருக்கலாம், குத்திவிடாதீர்கள்.

13. ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு: இன்டெல் சிப் உள்ள பழைய மேக்கில், பவர் போட்டதும் ஆப்ஷன், கமாண்ட், பி, ஆர் நான்கையும் சேர்த்து 20 நொடி பிடித்தால் அடிப்படை அமைப்புகள் ரீசெட் ஆகும். 2020 இறுதியில் வந்த எம்1 முதலான ஆப்பிள் சிப் மேக்குகளுக்கு இந்த வேலையே கிடையாது. முழுதாக அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டாலே போதும்.

14. பயாஸுக்குள் நுழையும் பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், ஏசர் என்றால் எஃப்2. ஹெச்பி என்றால் எஃப்10. லெனோவா திங்க்பேட் என்றால் எஃப்1, மற்ற லெனோவாக்களில் எஃப்2. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் டெலீட். பவர் போட்ட நொடியிலிருந்து அந்தப் பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். அப்போதும் விண்டோஸ் வந்துவிட்டால், செட்டிங்ஸில் ரெகவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் அதுவே உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும்.

15. உள்ளே போனதும் ‘லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்’ அல்லது ‘செட்டப் டிஃபால்ட்ஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். பல மெஷின்களில் எஃப்9 அழுத்தினாலே வரும். அசூஸ் மதர்போர்டில் எஃப்5, எம்எஸ்ஐயில் எஃப்6, ஜிகாபைட்டில் எஃப்7. ‘எஸ்’ கொடுத்தபின், போனில் எடுத்த படத்தோடு சாட்டா மோடையும் பூட் மோடையும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, எஃப்10 கொடுத்துச் சேமித்து வெளியே வாருங்கள். நூற்றுக்கணக்கான அமைப்புகளில் எது கெட்டது என்று தேடாமலே எல்லாம் கம்பெனி நிலைக்குத் திரும்பிவிடும்.

மூடியைத் திறந்து

16. திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பாலியெஸ்டர் துணி, நைலான் பாய், கம்பளி விரிப்பு இவற்றில் உரசினால் உடம்பில் நிலைமின்சாரம் ஏறும். நமக்குத் தெரியாத அளவு பாய்ந்தால்கூட ஒரு சிப் போய்விடும். வெறும் சிமென்ட் தரையில் நின்று, பெயின்ட் அடிக்காத கேபினட் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கழற்றும் திருகாணிகளைத் தட்டிலோ டப்பா மூடியிலோ போட்டு வையுங்கள்.

17. செல்லை இப்படிக் கழற்றுங்கள். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சின்னதாக, பளபளவென்று ஒரு வட்டம் தெரியும். மேல்பக்கம் ‘சிஆர் 2032’ என்று பொறித்து, பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும். 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம், 3 வோல்ட். அந்த எண்ணே அளவைச் சொல்கிறது. செல்லின் ஓரத்தில் ஒரு சின்ன உலோக நாக்கு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நாக்கை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் செல் ஒரு பக்கமாகத் துள்ளி எழும். நெம்பி எடுக்கக் கத்தியை நுழைத்தால் போர்டில் கீறல் விழும். செல்லை எடுத்தபின் பவர் பட்டனை 15 நொடி அழுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதிய செல்லைப் போடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள்; 2.7 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதே நல்லது.

18. செல்லுக்குப் பக்கத்திலேயே ரீசெட் செய்வதற்கென்று ஊசிகள் வைத்திருப்பார்கள். போர்டில் ‘சிஎல்ஆர் சிமாஸ்’, ‘சிஎல்ஆர்டிசி’, ‘ஜேபேட்1’ என்று ஏதாவது எழுதியிருக்கும். இரண்டு ஊசி என்றால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டையும் சேர்த்து பத்து நொடி தொடுங்கள். மூன்று ஊசி என்றால் அவற்றின் மேல் மாட்டியிருக்கும் சின்ன மூடியை 1-2-லிருந்து 2-3-க்கு மாற்றிப் பத்து நொடி வைத்து, மறக்காமல் பழைய இடத்துக்கே மாற்றுங்கள். பிளக் வெளியே இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். பெயரும் முறையும் போர்டுக்குப் போர்டு மாறுவதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

19. லேப்டாப்பில் இந்தச் செல் கறுப்பு உறை போட்டு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயரோடு இருக்கும். அதேபோல் ஒயர் வைத்த செல்லையே வாங்குங்கள். ‘எம்எல்’ என்று தொடங்கும் எண் இருந்தால் அது சார்ஜ் ஏறும் வகை. அந்த இடத்தில் சிஆர் 2032 போட்டால் சார்ஜ் ஏறி வெடிக்கும் ஆபத்து உண்டு. புதிய லேப்டாப்கள் சிலவற்றில் தனிச் செல்லே இருக்காது.

20. ரீசெட்டுக்குப் பிறகு முதல் முறை கிளம்ப நேரமெடுக்கும். பயாஸ் ராமை மறுபடி சோதித்துப் பழகிக்கொள்வதால், புதிய டிடிஆர்5 மெஷின்களில் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம்; தானே ஓரிரு முறை அணைந்து எரியலாம். பதறி சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். அதற்கும் பிறகு பீப் சத்தம் மட்டும் வந்தால், பிளக்கைப் பிடுங்கி, ராமைக் கழற்றி, அதன் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, ‘கிளிக்’ என்று அமரும்வரை மாட்டுங்கள்.

நம்ம ஊர் வீடுகளுக்கு

21. பயாஸ் ரீசெட் வேறு, பயாஸ் அப்டேட் வேறு. அப்டேட் என்பது அந்த நிரலையே அழித்துப் புதிதாக எழுதுவது. நடுவில் கரன்ட் போனால் மெஷின் எழுந்திருக்கவே செய்யாது. மின்வாரியம் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளிலும், ஐப்பசி கார்த்திகை இடி மழை நேரத்திலும் அப்டேட் பக்கமே போகாதீர்கள். லேப்டாப்பில் சார்ஜ் நிறைந்திருந்தால், டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இருந்தால் மட்டும் செய்யுங்கள். இடிக்குப் பயந்து அடிக்கடி பிளக்கைப் பிடுங்கும் வீடுகளில் பட்டன் செல் சீக்கிரம் தீரும். பிளக் மாட்டியிருந்தால் கடிகாரம் கரன்ட்டில் ஓடும், பிடுங்கினால் செல்லைத்தான் உறிஞ்சும் என்பதே காரணம். அதற்காக இடியின்போது மாட்டி வைக்க வேண்டாம். செல் விலை நூறு ரூபாய்க்குள் அடங்கும், மதர்போர்டு அப்படியல்ல.

22. தறி இருக்கும் அறையிலேயே கம்ப்யூட்டர் இருந்தால் தரையில் வைக்காதீர்கள். கோரைத் துகளும் நூல் பஞ்சும் ஃபேனில் சுற்றிக்கொண்டு காற்றை அடைக்கும். சூடு ஏறித் திடீர் திடீரென்று அணையும். அது பார்ப்பதற்குப் பயாஸ் கோளாறு போலவே இருக்கும். ஒரு முக்காலி உயரத்தில் வைத்து, மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷால் துகளைத் தட்டிவிடுங்கள். லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காமல் பலகையின் மேல் வையுங்கள். கோரை ஊறவைக்கும் தொட்டி, சாயப் பானை பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

23. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நெல்லை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் புகுந்த கம்ப்யூட்டரை ‘வேலை செய்கிறதா’ என்று போட்டுப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும் காரியம். முதலில் பட்டன் செல்லையும் லேப்டாப் பேட்டரியையும் கழற்றுங்கள். பிளக் இல்லாவிட்டாலும் அந்த 3 வோல்ட் ஈரப் போர்டில் ஓடிச் செம்புக் கோடுகளை அரித்துவிடும். பிறகு சேற்றை நல்ல தண்ணீரிலும், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் கழுவி, நிழலில் காற்றாட நன்கு காயவிட்டு, ரிப்பேர் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கழற்றிய செல் எதுவானாலும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். வாந்தி எடுக்கவைக்காமல் உடனே நெல்லையின் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி போன்ற பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். பழைய செல்லைக் கால்வாயிலோ அடுப்பிலோ போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

24. இத்தனைக்குப் பிறகும் எழவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் “ஓடல, என்னன்னு பாருங்க” என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வராதீர்கள். “கரன்ட் வடிச்சுப் பாத்தாச்சு, டிஃபால்ட்ஸ் போட்டாச்சு, செல் புதுசு மாத்தியாச்சு, ராம் கழட்டி மாட்டியாச்சு. இன்ன வாசகம் வந்தது, இதோ படம். என்னைக் கேட்காம ஃபார்மட் போடக் கூடாது” என்று சொல்லுங்கள். அதையே ஒரு துண்டுச் சீட்டில் செல் மாற்றிய தேதியோடு எழுதி கேபினட் உள்ளே ஒட்டிவையுங்கள். நீங்கள் செய்து முடித்த வேலைக்குக் கூலி கேட்க மாட்டார்கள். பார்க்கிறவருக்கும் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.